எல்லாவற்றையும் கட்டி வைத்த பிறகு

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. அது உடம்பு வாகு, மருந்து கிடையாது. சிறுசேரி ஆபீசில் மேசைக்கு அடியில் கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் தன் காபிக் கோப்பையில் எழும்பும் வட்டங்களைக் காட்டி, "பாஸ், பூகம்பத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்பார். சனிக்கிழமை என்றால் இன்னும் மோசம். டிபன் முடிந்து கை கழுவியதும், செம்பாக்கத்தில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மின்விசிறியைக் கழற்றித் துடைப்பேன். "எங்கேயாவது போய்ட்டு வாங்களேன், பாக்கப் பாக்க எனக்குத் தலை சுத்துது" என்பாள் மனைவி. அவள் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. வாரம் முழுக்கப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்துவிட்டு வருகிறவளுக்கு, விடுமுறை நாளிலும் ஒருவனை மேய்க்க வேண்டும் என்றால் கோபம் வருமா, வராதா?

அப்படித்தான் மீன் பிடிக்கக் கிளம்பினேன். முதலில் செம்பாக்கம் ஏரிக்குப் போனேன். தூண்டிலைப் போட்டுவிட்டுக் கரையில் நின்று மிதவையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. மீன் வராவிட்டால் நாம் அது இருக்கிற இடத்துக்குப் போக வேண்டாமா? ஏரிக்கரையில் குந்தியிருந்த மற்றவர்கள் யாரும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் என்று நினைக்கிறேன். ஈஞ்சம்பாக்கத்தில் குடியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கட்டில், பீரோவோடு ஒரு கயாக்கையும் விற்றார். கட்டிலை வாங்கப் போன நான் கயாக்கை வாங்கிக்கொண்டு வந்தேன். பிளாஸ்டிக்கில் வார்த்த, ஒரே ஆளுக்கான நீளப் படகு. உள்ளே இறங்கி உட்கார முடியாது, மேலேதான் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் அலகு வைத்த ஒரு துடுப்பால் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டு போகலாம். கவிழ்ந்தாலும் அது முழுகாது. ஆனால் அதன் மேல் வைத்திருப்பதெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீருக்குப் போய்விடும். இந்த இரண்டாவது விஷயத்தை விற்றவர் சொல்லவில்லை.

படகை இரண்டாம் மாடிக்கு ஏற்ற முடியாது. கோவளத்துக்குச் சற்று முன்னால் ஒரு குப்பத்தில், மீன் விற்கிற ஓர் அக்கா வீட்டு வேலி ஓரமாகப் போட்டு வைத்தேன். சனிக்கிழமை விடிந்ததும் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக பைக்கில் போய், அக்காவுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, படகை மணலில் இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் தள்ளுவேன். "இன்னா சார், தொட்டிய எட்த்துக்கினு குளிக்கப் போறியா?" என்று அக்கா கேட்பார். கடைசிவரை அவருக்கு அது தொட்டிதான்.

கடலைப் பற்றி பக்தியோடு பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். தாய் என்பார்கள், எதை எடுத்தாலும் திருப்பிக் கொடுக்கும் என்பார்கள். என்னிடம் எடுத்த ஒன்றையும் அது திருப்பிக் கொடுத்ததில்லை. முதல் நாள் தொப்பி போனது. அடுத்த வாரம் மீன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றுகிற குறடு, மடியிலிருந்து வழுக்கி, ஒரு சின்னச் சத்தத்தோடு போனது. பிறகு மூக்குக் கண்ணாடி. பிறகு முள்ளும் ஈயக்குண்டும் போட்டு வைத்திருந்த டப்பா. ஒரு நாள் ஷீலா மீன் ஒன்று இரையைக் கவ்விக்கொண்டு இழுத்த இழுப்பில், மடியில் சாய்த்து வைத்திருந்த தூண்டில் ராடு, நூல் சுற்றும் ரீலோடு எழுந்து, படகின் விளிம்பைத் தாண்டி, நுனி கீழாக இறங்கிப் போய்விட்டது. நான் அப்போது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்த ராடுக்காக நான் இரண்டு மாதம் கடைகடையாக ஏறி இறங்கியிருந்தேன். பிஸ்கட்டையும் கடலில் வீசிவிட்டு வாயில் வந்தபடி திட்டினேன். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லாததால் மானம் தப்பியது.

வீட்டுக்கு வந்தால் மனைவி கதவைத் திறந்துகொண்டே, "இன்னைக்கு என்ன தானம் பண்ணீங்க?" என்று கேட்பாள். மீன் என்ன கிடைத்தது என்று கேட்டதே இல்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

இனி ஒரு குண்டூசிகூடப் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். கட்டுவதற்குக் கயிறு எதற்குத் தேட வேண்டும்? எங்கள் ஆபீசில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போவார்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுப்பார்கள், அதைக் கழுத்தில் மாட்டியிருந்த 'டேக்' நாடாவை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போவார்கள். நீலம், சிவப்பு, பச்சை என்று ஒவ்வொரு புராஜெக்டுக்கும் ஒரு நிறம். நுனியில் நல்ல கொக்கி வேறு. எல்லா இழுப்பறைகளையும் துழாவி ஒரு பை நிறையச் சேர்த்தேன். அது போதவில்லை. தெருவில் எல்லோரும் செல்போனுக்கு மாறி, வீட்டு போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. காயலான் கடையில் கிடந்த ரிசீவரின் சுருள் ஒயர்களை அள்ளிக்கொண்டு வந்தேன். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ராடுக்குச் சுருள் ஒயர், கத்திக்குச் சுருள் ஒயர், குறட்டுக்கு நீல டேக், டப்பாவுக்கு சிவப்பு, துடுப்புக்கு இரட்டையாகப் பச்சை, தண்ணீர் பாட்டிலுக்கு, தொப்பிக்கு, புதுக் கண்ணாடிக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரு டேக். ஒரு நுனி பொருளில், மறு நுனி படகில்.

"இன்னா சார், கடலுக்குப் போறியா, ஊர்கோலம் போறியா?" என்றார் அக்கா. "இத்தினி ரிப்பன் கட்டிக்கினு கீற! சாமிதான் பாக்கி."

அவர் சிரிக்கட்டும். அன்றையிலிருந்து ஒன்றும் போகவில்லை. குறடு வழுக்கினால் டேக்கில் தொங்கியது. ராடை மீன் இழுத்தால் ஒயர் நீண்டு, பிறகு சுருங்கி, என் மடிக்கே வந்தது. எனக்கு ஒரே குஷி. வாரா வாரம் புதிதாக எதையாவது கட்டினேன். உண்மையைச் சொன்னால், மீனுக்குக் காத்திருக்கிற நேரத்தில் கைக்கு ஒரு வேலை கிடைத்ததுதான் எனக்குப் பெரிய லாபம்.

பிறகு ஒரு சனிக்கிழமை, படகில் திரும்பி உட்காரப் பார்த்து, கால் இடறி நானே தண்ணீரில் விழுந்துவிட்டேன். கரையிலிருந்து நல்ல தூரம். அலை இல்லை, பயமும் இல்லை, லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன். ஆனால் தலையைத் தூக்கிப் பார்த்தால் படகு போய்க்கொண்டிருந்தது. காற்று அதைக் காலித் தட்டைத் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டு போனது. நான் நீந்த நீந்த அது முன்னால் முன்னால் போனது. குறடு, கத்தி, தொப்பி, பிஸ்கட் எல்லாம் அதன்மேல் பத்திரமாகப் போயின. எட்டிப் பிடித்து ஏறியபோது எனக்கு வாந்தி வந்தது.

அன்று மாலை இதை ஒரு தமாஷ் மாதிரி வீட்டில் சொன்னேன். மனைவி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் சிரிக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு அவள் கடற்கரைக்கே வருவதில்லை. பெசன்ட் நகர் கோயிலுக்குப் போனாலும் மணல் பக்கம் திரும்பமாட்டாள். நான் கடலுக்குப் போகிற காலைகளில் அவள் எப்படி இருப்பாள் என்று அதுவரை நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"எல்லாத்தையும் கட்டியிருக்கீங்க. தண்ணி பாட்டிலைக்கூடக் கட்டியிருக்கீங்க" என்றாள். "உங்களை யாரு கட்டறது?"

"அதான் ஜாக்கெட் போடறேனே."

"ஜாக்கெட் மிதக்க வைக்கும். வீட்டுக்குக் கூட்டிட்டு வருமா?"

 அவள் சொன்னது சரி என்று பட்டது. பொருளைக் கட்டினால் பொருள் போகாது. ஆளைக் கட்டினால் ஆள் போகமாட்டான். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது? நான் எத்தனையோ புரோகிராம்களில் ஓட்டை கண்டுபிடித்தவன், அவள் விசையையும் திசையையும் பாடம் நடத்துகிறவள். இருவரும் சேர்ந்து அந்த இரவுச் சாப்பாட்டின்போது அதை ஒப்புக்கொண்டோம்.

அடுத்த சனிக்கிழமை அவளும் என்னோடு கிளம்பினாள். நான் ஆச்சரியப்பட்டதற்கு அளவில்லை. கைப்பையில் நீல நைலான் கயிறு, புதுசு, தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கியது. கடற்கரை மணலில் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். லைஃப் ஜாக்கெட்டின் முதுகுப் பக்கம் ஒரு தடித்த பட்டை இருக்கும். கயிற்றை அதில் கோத்து, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்கு இடுப்பு பெல்ட்டை இறுக்குவதுபோல முழங்காலால் என்னை ஒரு முட்டு முட்டி, மூன்று முடிச்சுப் போட்டாள். மறு நுனியைப் படகின் பின்புறக் கைப்பிடியில் கட்டினாள். நடுவில் ஆளுயரத்துக்குக் கயிறு விட்டாள்.

அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார். "இன்னா டீச்சரம்மா, சாரை மாடு மாதிரி கட்டிக்கினு கீற!" என்று சிரித்தார். பிறகு முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் போட்டுக்கீறே. போய்ட்டு வரட்டும்" என்றார். மனைவியின் முகத்தில் கொஞ்சம் நிம்மதி வந்தது. அவள், படகுகளை இழுத்துப் போடும் இடத்தில், கருவாடு காய்கிற வலைக்குப் பக்கத்தில், செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

அன்று கடல் நன்றாக இருந்தது. கரையில் ஒருத்தி எனக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்பதால் மட்டும் என் மனம் நிலைகொள்ளவில்லை. தூண்டிலைப் போடுவேன், திரும்பிப் பார்ப்பேன். சின்னப் புள்ளியாக அவள் தெரிவாள். ஒரு முறை கையை ஆட்டினேன், அவளும் ஆட்டினாள். பாறை மீன் ஒன்று மாட்டியது. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, அதைக் காட்ட வேண்டும் என்று எனக்குப் பரபரப்பு வந்துவிட்டது. துடுப்பைத் திருப்பினேன்.

கரைக்கு முன்னால் ஒரு மணல் திட்டு உண்டு. அலை அங்கேதான் உடையும். அங்கே விழுவது எனக்குப் புதிதில்லை. படகு புரண்டால் நாம் குதித்துவிடுவோம். படகு தன்பாட்டுக்குக் கரை ஒதுங்கும், நாம் பின்னால் நடந்து போகலாம். அலைக்கு நடுவில் வருகிறபோது படகின் பின்பக்கத்தை ஏதோ தூக்கியது, மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியது, நான் விழுந்தேன். விழும்போதுகூட, அவள் முன்னால் விழுகிறோமே என்று வெட்கம்தான் வந்தது.

அப்புறம் முதுகில் ஒரு இழுப்பு.

படகை அலை தூக்கிக்கொண்டு கரைப் பக்கம் ஓடியது, கயிறு விறைத்தது, நான் மல்லாந்து பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இழுபட்டேன். மூக்கிலும் தொண்டையிலும் உப்புத் தண்ணீர். காலை ஊன்றப் பார்த்தால் அடுத்த இழுப்பு. அலை திரும்பும்போது படகும் திரும்பி வந்து என் தோள்மேல் ஏறியது. மறுபடி அலை, மறுபடி இழுப்பு. முடிச்சு முதுகில் இருந்தது. இரண்டு கையையும் பின்னால் விட்டுத் துழாவினேன், எட்டவில்லை. எட்டியிருந்தாலும் நனைந்த நைலானை என்னால் அவிழ்த்திருக்க முடியாது. கத்தி! கத்தி படகில் இருந்தது. சுருள் ஒயரில், பத்திரமாக. அதன் மஞ்சள் பிடி ஒரு கை தூரத்தில் தண்ணீரில் ஆடுவதைப் பார்த்தேன். நான் கையை நீட்டினேன், படகு நகர்ந்தது, கத்தியும் அதோடு நகர்ந்தது. டப்பா வந்து நெற்றியில் இடித்தது. நான் கட்டிய அத்தனையும் என்னைச் சுற்றி இருந்தன, ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை.

செத்துவிடுவேன் என்று தெரிந்தது. அது பெரிய எண்ணமாக வரவில்லை. 'அட, இப்படியா' என்றுதான் வந்தது.

ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும் என்று எப்போது தோன்றியது என்று தெரியாது. கடலில் ஜாக்கெட்டைக் கழற்றுவதற்குக் கை ஒப்புக்கொள்ளவே இல்லை. நெஞ்சில் மூன்று பூட்டு. ஒன்றைத் திறந்தேன். அலை அடித்தது. இரண்டாவது. மூன்றாவது மாட்டிக்கொண்டு, அடுத்த இழுப்பில் தானே திறந்தது. கைகளைத் தலைக்கு மேல் தூக்கினேன். ஜாக்கெட் சட்டை கழற்றுவதுபோல என்னை விட்டுக் கழன்று, கயிற்றோடு படகின் பின்னால் ஓடியது. நான் கீழே போனேன். நீரோட்டம் என்னை வடக்குப் பக்கமாக உருட்டிக்கொண்டு போயிற்று. எங்கோ ஓரிடத்தில் முழங்கால் மணலில் உரசியது. தவழ்ந்துகொண்டே வெளியே வந்தேன். இருமி, வாந்தியெடுத்து, கொஞ்ச நேரம் மணலில் முகத்தை வைத்துக் கிடந்தேன்.

எழுந்து பார்த்தபோது அவர்கள் தூரத்தில் தெரிந்தார்கள். மனைவி தண்ணீருக்குள் நின்றாள். புடவை மிதந்துகொண்டிருந்தது. அக்கா பின்னாலிருந்து அவள் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். இருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. படகையும் பார்க்கவில்லை. படகுக்குப் பின்னால் நீலக் கயிற்றில் மிதந்துகொண்டு வந்த ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது காலியாக இருந்தது.

கூப்பிட்டேன், அலைச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. ஓட முடியாமல் நடந்தேன். அக்காதான் முதலில் திரும்பினார். "தோ பாரு டீச்சர்! தோ வந்துகினு கீறாரு பாரு உன் ஆளு!" என்று கத்தினார். மனைவி திரும்பினாள். என்னை ஏதோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு நாலு எட்டு கரைப் பக்கம் வந்து, முழங்கால் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அலை அவள் முகத்தில் அடித்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அவளைத் தொடப் பயமாக இருந்தது. "நான்தான் கட்டினேன்" என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். இல்லை, இல்லை என்றேன். என்ன இல்லை என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா படகைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, அதைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ராடு இருந்தது. குறடு இருந்தது. தொப்பி, கண்ணாடி, டப்பா, பாட்டில் எல்லாம் இருந்தன. பாறை மீன்கூட அதன் கயிற்றில் இருந்தது. "ஒன்னும் போவல சார்! எல்லாம் அப்பிடியே கீது!" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவரைக் கட்டிப்பிடித்து அழலாமா, அந்தப் படகை அங்கேயே கொளுத்தலாமா என்று எனக்கு விளங்கவில்லை. மீனை அவரிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் நான் வீட்டில் இருந்தேன். போகாதே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கடல் என்ற பேச்சே வீட்டில் வரவில்லை. நான் கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தேன். மின்விசிறியைத் துடைத்தேன். பைக்கை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி வந்தேன், வேளச்சேரிவரை போய் எதுவும் வாங்காமல் திரும்பினேன். வெந்நீரை முகத்தில் ஊற்றிக்கொள்ளும்போது மூச்சு அடைத்தது. ஆனாலும் கடலுக்குப் போக வேண்டும்போலத்தான் இருந்தது. இதை யாரிடம் சொல்வது? வாய் விட்டுச் சொன்னால் செருப்பால் அடிப்பார்கள்.

அந்த நாட்களில்தான் அவள் வேலையிலிருந்து தாமதமாக வர ஆரம்பித்தாள். கேட்டால், "ரெக்கார்டு நோட்டு திருத்த வேண்டியிருந்துச்சு" என்பாள். தலை ஈரமாக இருக்கும். கண் சிவந்திருக்கும். அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கல்லூரியிலேயே யாருக்கும் தெரியாமல் அழுகிறாள், காரணம் நான், அதையும் கேட்கத் தைரியமில்லாமல் இந்த வீட்டில் நடந்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. ராத்திரி அவள் தூங்கிய பிறகும் என் கால் போர்வைக்குள் ஆடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம், அவள் காபி போட உள்ளே போனபோது, நாற்காலியில் இருந்த அவள் பை சரிந்து விழுந்தது. எடுத்து வைக்கப் போனேன். அடிப்பக்கம் ஈரம் சொட்டியது. பிளீச்சிங் பவுடர் வாடை. உள்ளே ஒரு ரப்பர் தொப்பி, பிழிந்து சுருட்டிய முழுக்கை நீச்சல் உடுப்பு, கிழக்குத் தாம்பரத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் வைத்திருந்த ஒரு நீச்சல் குளத்தின் நுழைவுச் சீட்டு. கிணற்றடிக்குக்கூடப் போகாத பெண். நாற்பதை நெருங்குகிற வயதில், சின்னப் பிள்ளைகளோடு குளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்திருக்கிறாள்.

அவள் காபியோடு வந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். தம்ளரை மேசையில் வைத்தாள்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றேன். "நான்தான் போறதில்லையே."

"போவீங்க" என்றாள். "எனக்குத் தெரியாதா?"

உடுப்பை என் கையிலிருந்து வாங்கி, குளியலறைப் பக்கம் நடந்தாள். வாசலில் நின்று, திரும்பாமல், "அன்னைக்கு இடுப்பளவு தண்ணிக்கு மேல என்னால வர முடியல" என்றாள்.